வான் ஹோர்ட் வீட்டுக் குண்டு

சுவரிலிருந்து குண்டு வெளியே வந்தபோது வெர்னா கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைத் தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்துகொண்டிருந்தாள். பத்து மணிக்கு இந்தப் பழைய வீட்டைச் சுற்றிப் பார்க்க நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். தரையைத் தொடும் பாவாடை, முன்கட்டுத் துணி, தோளில் முக்கோணமாக மடித்த சால்வை என்று இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பண்ணைவீட்டுக்காரியாக அவள் மாறி முடிக்க முன்பெல்லாம் கால் மணி நேரம் ஆகும். இப்போது எழுபத்தாறு வயதில் முதுகுப்பக்கம் முடிச்சுப் போடக் கை எட்டாததால் இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. வெளியே ஃபிட்ச் உரக்கச் சிரிப்பது கேட்டது. மூன்று வாரமாக இந்த வீட்டில் வேலை செய்கிற மனிதன் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

ஃபிட்ச் பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிற கொத்தனார். ஆற்றைப் பார்த்த மேற்குச் சுவர் கர்ப்பிணி வயிறுபோல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டதால், வீட்டைப் பராமரிக்கிற வரலாற்றுச் சங்கம் அவனை அழைத்திருந்தது. அடுத்த வருஷம் நாட்டுக்கு இருநூற்றைம்பதாவது பிறந்தநாள். அதற்குள் சுவர் இடிந்து எவன் தலையிலாவது விழுந்தால் ஊர் மானம் போய்விடும். சுவரின் கற்களை எண் போட்டுக் கழற்றி, உள்ளே செத்துப்போன சாந்தைச் சுரண்டி, மறுபடி அடுக்குவது வேலை. இன்றைக்குக் குண்டின் முறை.

குண்டு என்றால் சாதாரணக் குண்டு இல்லை. 1778-ல் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து பிரிட்டிஷ் செஞ்சட்டைக்காரர்கள் பீரங்கியால் சுட்டது. நிலவறையில் பதினோரு விடுதலைப் படையினரை ஒளித்துவைத்துவிட்டு, வீட்டுக்காரி ஆனெக்கா வான் ஹோர்ட் மேலே அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். குண்டு சுவரில் பாய்ந்து வீடே ஆடியது. தட்டுகள் விழுந்தன. ஆனெக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல ரொட்டி வேகட்டும், அப்புறம் சண்டையைப் பார்க்கலாம்" என்றாள். நாற்பத்தேழு வருஷமாகக் கதை சொல்லும்போது வெர்னா இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்துவாள். எந்த வாலுப் பிள்ளையும் அந்த நொடியில் மூச்சு விடாது. வீட்டுக்குள் நுழையுமுன் ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் பாதி புதைந்திருக்கும் குண்டைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்பதும் அவள் ஏற்படுத்திய வழக்கம்தான். பிஞ்சுக் கைகள் பட்டுப்பட்டே அது வாணலி மாதிரி கறுத்து மினுங்கியது.

"மேடம், கொஞ்சம் வாங்களேன்," என்றான் ஃபிட்ச். குண்டு புல்லில் கிடந்தது. அவன் பூட்ஸ் முனையால் அதைப் புரட்டினான். இத்தனை காலம் சுவருக்குள் இருந்த பக்கத்தில் துருவுக்கு நடுவே எழுத்து தெரிந்தது. "பன்னெண்டு பவுண்டுன்னு அச்சு வார்த்திருக்கு, பாருங்க. பள்ளிக்கூடத்துல பசங்க தோள்ல வச்சு எறிவாங்களே, அந்த இரும்பு. நானே எறிஞ்சிருக்கேன்."

வெர்னா குனிந்து பார்த்தாள். "இருக்காது," என்றாள்.

"சாந்தும் அப்படித்தான். இந்த வீடு முழுக்கச் சுண்ணாம்பு, குண்டைச் சுத்தி மட்டும் சிமெண்டு. எனக்கு முதல் நாளே ஒரு சந்தேகம். ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சுட்டவன், சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டற உசரமாப் பார்த்துச் சுட்டிருக்கான். ரொம்ப நல்ல மனசுக்காரன்." ஃபிட்ச் மறுபடி சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான். "குழிக்குள்ள இதுவும் இருந்துச்சு. எவனோ குறும்புக்காரன்," என்று அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்தான்.

சூயிங்கம் சுற்றிவரும் வெள்ளித்தாளில் மடித்த ஒரு கால் டாலர். தாளைப் பிரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாணயத்தில் முரசு அடிக்கும் சிப்பாய், பின்னால் 1776 – 1976 என்று இரட்டை வருஷம். இருநூறாவது பிறந்தநாளுக்கு அடித்தது. அதையெல்லாம் அவள் அப்புறம்தான் பார்த்தாள். முதலில் பார்த்தது மடிப்பை. நாலு மூலையையும் உள்ளே செருகி, மேலே நகத்தால் ஒரு கோடு. சாந்து அரிக்காமல் இருக்க அப்படி மடிக்க வேண்டும் என்று ஆல்டோ சொல்வான்.

ஆல்டோ அவள் புருஷன். ஐம்பது வருஷம் இந்தப் பகுதியில் கொத்து வேலை செய்தவன். அவன் அப்பாவும் அதேதான், இத்தாலியில் தாத்தாவும் அதேதான். எந்த வேலையை முடித்தாலும் அந்த வருஷத்து நாணயம் ஒன்றை வெள்ளித்தாளில் மடித்துக் கடைசிக் கல்லுக்குப் பின்னால் வைத்துவிடுவது அந்தக் குடும்பத்தின் பழக்கம். வெர்னாவின் அம்மா வீட்டுப் புகைபோக்கியில் அவன் அப்படி வைத்ததை அவள் கூடவே நின்று பார்த்திருக்கிறாள். அவர்கள் சொந்த வீட்டு வாசற்படியில் மூன்றாவது கல்லுக்கு அடியிலும் ஒன்று உண்டு. கல்யாணத்தன்று கோட்டுப் பையில் வைத்திருந்த அரை டாலர். வைத்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் கை கழுவிக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரையும் மூணாவது படிக்குக் கீழ வச்சு மூடிட்டேன்" என்று அவன் சொன்னான். வருஷாவருஷம் கல்யாண நாளன்று இருவரும் அந்தப் படியில் நிற்பார்கள். ஆல்டோ குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டி, "இருக்கு" என்பான்.

1976-ல் இந்த மேற்குச் சுவரில் ஆல்டோ வேலை செய்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கத்திரிக்காய் வறுத்து வைத்த ரொட்டியை மதியச் சாப்பாட்டுக்கு அவள்தான் எடுத்துக்கொண்டு வருவாள். சுவரைத் தார்ப்பாய் போட்டு மறைத்திருந்தார்கள். "வெயில் பட்டா சாந்து வெடிச்சிடும்" என்று அவன் சொன்னதும் நினைவிருந்தது. குளிரே முழுசாக விடாத இந்த ஊர் ஏப்ரலில் ஏது அவ்வளவு வெயில்?

"நான் அறிக்கையில எழுதியாகணும் மேடம். வேற வழி இல்ல," என்றான் ஃபிட்ச்.

"எழுதுங்க," என்றாள்.

பஸ் வந்துவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். எதைத் தொடுவது என்று தெரியாமல் வரிசை குழம்பியது. ஒரு பையன் வெறும் குழிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தான். குண்டு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று ஒரு ஆசிரியை தானாகவே சொல்லிவைத்தாள். வெர்னா அவர்களை அடுப்பங்கரைக்குள் அழைத்துப்போய் நிறுத்தினாள். கதையைச் சொல்லப்போவதில்லை என்றுதான் நினைத்தாள். மெழுகுவர்த்தி செய்வதையும் கம்பளி நூற்பதையும் காட்டி அனுப்பிவிடலாம். ஆனால் வாயைத் திறந்ததும் ஆறும் வந்தது, செஞ்சட்டைக்காரர்களும் வந்தார்கள். நாக்கு அவளைக் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடியது. ரொட்டி வேகட்டும் என்று சொல்லி அவள் நிறுத்தியபோது முப்பத்தொரு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தேழு வருஷத்தில் இத்தனை நன்றாக அவள் அதைச் சொன்னதில்லை. சன்னல் வழியே பார்த்தாள். ஃபிட்ச் சாந்துக் கரண்டியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

உடுப்பை மாற்றாமலே காரை எடுத்தாள். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவன் தொப்பியைப் பார்த்துக் கையசைத்தான். அவள் திரும்பவில்லை. வழியெல்லாம் ஒரே விஷயம்தான் மண்டைக்குள் ஓடியது. இந்த மூன்று வாரமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆல்டோ தவறாமல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். "இன்னிக்கு ஃபிட்ச் எதுவரைக்கும் வந்திருக்கான்?" இத்தனை வயதிலும் தொழில்மேல் என்ன பிரியம் என்று அவள் மெச்சிக்கொண்டிருந்தாள். முந்தாநாள்கூட ஒரு காகிதத்தில் சுவரை வரைந்து, எந்தக் கல்வரை கழற்றியாயிற்று என்று புள்ளி வைத்துக் காட்டினாள்.

ஆல்டோ அடுப்பில் குடமிளகாயும் முட்டையும் வதக்கிக்கொண்டிருந்தான். "இரு, ரெண்டே நிமிஷம். ரொட்டியை மட்டும் பிளந்து வையேன்," என்றான் திரும்பாமல். வெர்னா நாணயத்தை வெள்ளித்தாளோடு சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அது மேசைக் கண்ணாடியில் பட்ட சத்தத்துக்கு அவன் திரும்பினான். பார்த்தான். அடுப்பை அணைத்தான். கைகளைத் துண்டில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக, ரொம்ப நேரம்.

"அடுத்த வாரம்தான் அந்தப் பக்கம் வருவான்னு கணக்குப் போட்டிருந்தேன்," என்றான்.

அவள் ஏதாவது மறுப்பை எதிர்பார்த்திருந்தாள். எனக்குத் தெரியாது, வேறு எவனோ வைத்திருப்பான், எவனோ என் பழக்கத்தைக் காப்பியடித்திருப்பான் என்று. அந்த அளவுக்குக்கூட அவன் சிரமப்படவில்லை. "அடுத்த வாரம்னா? அதுக்குள்ள என்ன பண்றதா இருந்த?"

"சொல்லிடறதாத்தான் இருந்தேன்."

"நாப்பத்தேழு வருஷமா அடுத்த வாரம் வரவே இல்லையாக்கும்."

ஆல்டோ நாற்காலியில் உட்கார்ந்தான். "கேளு வெர்னா. பழைய புத்தகத்துல மேற்குச் சுவர்ல குண்டு பட்டுச்சுன்னு எழுதியிருக்கு. சுவர்ல ஒரு பள்ளமும் இருந்துச்சு. குண்டைத்தான் காணோம். அந்த வருஷம் கவர்னர் வர்றார், டிவிக்காரன் வர்றான். தலைவரா இருந்த வெண்டல்தான் சொன்னான், பள்ளத்தைக் காட்டினா எவன் பார்ப்பான், உள்ள ஒண்ணை வச்சிடுவோம்னு. ஸ்கூல் சாமான் அறையிலேர்ந்து அவனே தூக்கிட்டு வந்தான். அந்த ஒரு கோடைக்குத்தான். அப்புறம் எடுத்துடறதாத்தான் பேச்சு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"கமிட்டியில நாலு பேரு, நான். மூணு பேரு போய்ச் சேர்ந்தாச்சு."

"மிச்சம் யாரு?"

அவன் சொல்ல வேண்டிய தேவை இல்லை. வெண்டலின் மனைவி ஹெஸ்டர், அவளும் கமிட்டியில் இருந்தவள். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து வெர்னா எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிற ஹெஸ்டர். தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் வெர்னா கொட்டுகிற ஒரே இடம்.

வெர்னாவுக்கு ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்துகள் நினைவுக்கு வந்தன. பண்ணைவீட்டுப் புல்வெளியில் சோளம் வேகும், தர்பூசணி வெட்டுவார்கள். சாப்பாடு முடிந்ததும் சங்கத் தலைவர் வெண்டல் எழுந்து, "வெர்னா, நம்ம கதையைச் சொல்லும்மா" என்பார். அவள் சொல்வாள். கமிட்டிக்காரர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்பார்கள். ரொட்டி வேகட்டும் என்கிற இடத்தில் வெண்டலின் தோள் குலுங்கும். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆல்டோ குனிந்து ஷூ நாடாவைச் சரிசெய்வான். எவ்வளவு இளகிய மனம் என்று நினைத்து, வெண்டல் செத்தபோது சர்ச் மேடையில் ஏறி அதையே சொன்னாள். "அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அவர் அழாம இருந்ததில்லை" என்றாள். முதல் வரிசையில் ஹெஸ்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெர்னா கீழே இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"என்னை வச்சு சிரிச்சிருக்கீங்க. வருஷா வருஷம். எல்லாருமா சேர்ந்து," என்றாள்.

"உன்னைப் பார்த்து இல்ல. எங்களைப் பார்த்துத்தான்."

"நான் மட்டும்தான் அங்க சிரிக்காதவ. அப்போ யாரைப் பார்த்துச் சிரிச்சிருப்பீங்க?"

ஆல்டோவுக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டால் அவனுக்குக் கோபம் வரும். "குண்டை வச்சது நான், சரி. ரொட்டியை வச்சது யாரு? அந்தப் புத்தகத்துல மொத்தமே ரெண்டு வரி. குண்டு பட்டுச்சு, பதினோரு பேரு நிலவறையில இருந்தாங்க. ரொட்டி எங்கேர்ந்து வந்துச்சு? ரெண்டாவது வருஷம் நீ இதே மேசையில உட்கார்ந்து, பசங்க கொட்டாவி விடறாங்க, ஏதாவது சேர்க்கணும்னு சொல்லல?"

ரொட்டி. அது எப்போதும் கதையில் இருந்தது என்றுதான் இன்று காலைவரை, இந்த நிமிஷம்வரை வெர்னா நினைத்திருந்தாள். இப்போது அந்தச் சாயங்காலம் மங்கலாகத் தெரிந்தது. கையில் பென்சில், பக்கத்தில் ஆல்டோ. ரொட்டியா சூப்பா என்று இருவரும் பேசியதுகூட. அது உண்மைதான். ஆனால் அதை இப்போது எடுத்து வீசுகிறானே, அதற்காகவே பத்திரப்படுத்தி வைத்திருந்தவன் மாதிரி.

"அதை உன்கிட்ட சொல்லிட்டுத்தானே சேர்த்தேன்," என்றாள். "நீ என்கிட்ட சொன்னியா?"

அவன் கோபம் சட்டென்று வடிந்துவிட்டது. வாணலியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எழுபத்தெட்டுல சொல்ல வந்தேன். குழந்தை போனதுக்கு அப்புறம் அந்தக் குளிர்காலம் முழுக்க நீ படுக்கையை விட்டு எழுந்திருக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஹெஸ்டர்தான் உன்னைக் கிளப்பி அந்தப் பண்ணைவீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. முதல் நாள் வந்து, இங்க உட்கார்ந்து, நீயா பேசின. குண்டைப் பத்தி. அந்தப் பொம்பளை பயப்படவே இல்ல ஆல்டோ, வீடே ஆடியும் பயப்படவே இல்லன்னு சொன்ன. ரெண்டு தட்டு சாப்பிட்ட. அந்த நேரத்துல போய், அது ஸ்கூல் இரும்புடி, நான்தான் வச்சேன்னு சொல்லச் சொல்றியா?"

இன்னொருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். வெர்னாவுக்கு இளகவில்லை. இன்னும் இறுகியது. அவள் எழுந்து நின்றது ஆனெக்காவைப் பிடித்துக்கொண்டு. வேறொருத்தி அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று தாங்கினாளே, நாமும் தாங்குவோம் என்று. அது தன் சொந்தப் பலம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். நோயாளிக்கு மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கையும் பார்த்திருக்கிறார்கள்.

"அன்னிக்குச் சொல்லாதது சரி," என்றாள். "அதுக்கு அடுத்த நாப்பத்தாறு வருஷம்?"

"நீ அந்தக் கதையை ரொம்ப நல்லாச் சொன்ன வெர்னா," என்றான் ஆல்டோ கடைசியில்.

அவள் எழுந்து கார்க்கொட்டகைக்குப் போனாள். ஆல்டோவின் பழைய கருவிப்பெட்டி சுவரோரமாக இருந்தது. வேலையை விட்டு எட்டு வருஷமாகியும் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தான். தட்டை உளியையும், குட்டைப்பிடிச் சுத்தியலையும் எடுத்தாள். சுத்தியல் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாசலுக்கு வந்து, பாவாடையைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, மூன்றாவது படிக்கு முன்னால் மண்டியிட்டாள். கல்லும் சாந்தும் சேருகிற இடத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தாள். கை அதிர்ந்து தோள்வரை வலித்தது. சாந்தில் சிறு பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான். ஆல்டோ போட்ட சாந்து. ஊரே பாராட்டும்.

வலைக்கதவுக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். "என்ன பண்ற?"

அவள் அடித்தாள்.

"அது இருக்கு வெர்னா."

அடித்தாள். எதிர்வீட்டு மிஸஸ் பாக்லி குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தொப்பியும் சால்வையுமாகப் போன நூற்றாண்டுக்கும் முந்தைய ஒருத்தி தன் வீட்டு வாசலையே உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா இருக்கு. நானே வச்சேன்," என்றான் ஆல்டோ.

அந்த வார்த்தைக்கு அவள் கை ஒரு கணம் நின்றது. கல்யாண நாட்களை எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்தொரு தடவை இந்தப் படியில் நின்றிருக்கிறாள். ஐம்பத்தொரு தடவை அவன் குதிகாலால் தட்டி, இருக்கு என்று சொல்லியிருக்கிறான். ஒரு தடவைகூட, எங்கே காட்டு என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. மறுபடி அடித்தாள். இந்தத் தடவை ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது.

வலைக்கதவு கிறீச்சிட்டது. ஆல்டோ கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். முட்டி மடங்க நேரமாயிற்று. இரண்டாவது படியில், அவளுக்குப் பக்கத்தில், ஆனால் தொடாமல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் வதக்கிய மிளகாயின் வாசனை வந்தது. தொழில்காரனின் கண்ணால் அளந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

வெர்னா இடது பக்கம் பார்த்தாள். கல் இங்கே இருந்த மாதிரியேதான் அங்கேயும் இருந்தது. நெற்றியில் சரிந்த தொப்பியைப் புறங்கையால் மேலே தள்ளிவிட்டாள். பிறகு உளியை, முதலில் வைத்த அதே இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, சுத்தியலை ஓங்கினாள்.